ஒன்பது சென்ரிமீற்றர்

"உன்ர பக்கத்தைக் கொஞ்சம் தூக்கு. நிலையில முட்டுது," என்றான் மிதுனன்.

நிலாணி தூக்கினாள். ஆடுகதிரை பக்கவாட்டில் சரிந்து மலர்ச்சாலையின் பின்கதவுக்குள் நுழைந்தது. அண்ணன் கைப்பிடிகளைப் பிடித்திருந்தான். அவள் அடியில் இருந்த இரண்டு வளைகட்டைகளின் பின்நுனிகளையும் பிடித்திருந்தாள். வான் வண்டியில் இருந்து இறக்கும்போது ஒட்டிய பனி உருகி, விரல்களுக்கிடையால் சொட்டியது. கை விறைத்தது. ஆனாலும் அவள் நுனிகளை உள்ளங்கையால் மூடியே பிடித்துக்கொண்டு வந்தாள்.

முன்மண்டபத்தில் அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். நெற்றியில் திருநீறு அகலமாகப் பூசப்பட்டிருந்தது. பின்தலையில் இருந்த காயம் தலையணைக்குள் அமிழ்ந்து கண்ணுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. ஒன்பதுக்குச் சனம் வரத் தொடங்கும். பத்தரைக்குக் கிரியை. அது முடிந்ததும் அதே கட்டடத்தின் பின்பக்கத்தில் தகனம்.

கதிரையைக் கொண்டுவரச் சொன்னது அம்மா.

"அவர் இருந்த கதிரை அவருக்குப் பக்கத்தில நிக்கோணும்," என்று முதல்நாள் சுவரைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமையில் இருந்து அம்மா மகனுடன் கதைப்பதில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியவற்றைச் சுவருக்குச் சொன்னாள். சுவர் போதாதபோது மருமகள் சாம்பவிக்குச் சொன்னாள்.

"அம்மா, அது இடம் பிடிக்கும்," என்று நிலாணி சொல்லிப் பார்த்தாள்.

"பிடிக்கட்டும். அவர் என்ன, இனி நெடுக இடம் பிடிக்கப்போறாரோ?"

அதற்கு மேல் நிலாணியிடம் சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் இருக்கவில்லை. சொல்லக்கூடாத காரணம் ஒன்று இருந்தது.

கதிரையைப் பெட்டியின் கால்மாட்டில் வைத்தார்கள். நிலாணி அப்பாவின் சால்வையை எடுத்து, இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்காக விரித்தாள். யாரும் உட்காரமாட்டார்கள். பிறகு கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதையாகிவிட்டது. அம்மாவைச் சாம்பவி பிக்கரிங்கில் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அப்பாவும் அம்மாவும் கனடாவில், அஜக்ஸ் நகரத்தில், மிதுனனோடுதான் இருந்தார்கள். அவன் வீட்டில் இருந்தே வேலை செய்கிறவன். பதினொன்றரைக்கு அப்பாவிடம் எட்டிப் பார்த்து, "கோப்பி ஒண்டு வாங்கியந்து போடுறன் அப்பா, எழும்பாதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனான். பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தான். அப்பா யன்னலுக்குக் கீழே விழுந்து கிடந்தார். இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்ததில் இருந்து அவர் இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுத்துவந்தார். தலைக்குள் கசிந்த இரத்தம் நிற்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் முடிந்துவிட்டது.

"எழும்பேக்கை விழுந்திட்டார்," என்று மிதுனன் எல்லோருக்கும் சொன்னான். ஆம்புலன்ஸ்காரருக்குச் சொன்னான், டொக்டருக்குச் சொன்னான், அம்மாவுக்குச் சொன்னான். தனியே விட்டுவிட்டுப் போனதையும் அவனே சொன்னான்.

நிலாணி மட்டும் அதை நம்பவில்லை. அப்பா எழும்பும்போது முன்பக்கம்தான் சரிவார். யன்னல் இருந்தது பின்பக்கம்.

அவள் பௌதிகம் படித்தவள். படிப்பை முடித்துவிட்டு மிட்லண்ட் வீதிப் பக்கம் ஒரு பட்டறையில் இடம் எடுத்துக் கதிரை செய்யப் போனபோது, வீட்டில் ஒரு வருடம் யாரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. அப்பாதான் முதலில் வந்து பார்த்தார். இருபத்தேழு வருடம் ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் உதிரிப்பாகம் வார்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றவர். அச்சு, அளவு, சூடு எல்லாம் அவருக்கு விளங்கும். பாரிசவாதத்துக்குப் பிறகு, கட்டிலில் சாய்ந்திருக்கவும் முடியாமல் சாதாரணக் கதிரையில் நிமிர்ந்திருக்கவும் முடியாமல் அவர் அவதிப்பட்டபோது, அவருக்கென்று ஒன்றைச் செய்தாள்.

"ஒரு வண்டிச் சில்லை நினையுங்கோ," என்று வரைந்து காட்டினாள். "பெரிய சில்லு. அச்சு உங்கட நெஞ்சுக்கு மேல நிக்குது. சில்லின்ர அடியில ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் கதிரைக்குக் கீழ பூட்டுறன். உங்கட பாரம் அச்சுக்குக் கீழ இருக்கிற வரைக்கும் கதிரை தன்ர பாட்டில திரும்பி வரும்."

"மிச்சச் சில்லு?"

"அது இல்லை."

"இருக்கு," என்றார் அப்பா. "காத்தில கிடக்கு."

பிறகு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர் அதைத்தான் சொல்வார். இது சில்லில ஒரு துண்டு, மிச்சம் காத்தில கிடக்கு, என்ர மகள் கணக்குப் போட்டுச் செய்தவள்.

மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் ஆஷ் மரத்தைச் சீவி, பதினொரு பட்டிகளைப் பசை பூசி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வளைவான வார்ப்பு அச்சில், இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளைப் போட்டு, இரண்டு நாள் விட்டாள். கழற்றும்போது மரம் கொஞ்சம் நிமிரப் பார்க்கும். எவ்வளவு நிமிரும் என்பதையும் கணக்கில் எடுத்து, அச்சை முன்கூட்டியே கூட வளைத்திருந்தாள். இரண்டு கட்டைகளும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்காக அகலமாக ஒன்றையே வளைத்து நடுவால் அறுத்தாள். பிறகு தட்டையான மேசையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உருட்டிக் கேட்டாள். எங்காவது ஒரு மயிரளவு தட்டையாக இருந்தாலும் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்த இடத்தைப் பென்சிலால் குறித்து அரத்தால் உராய்ந்தாள். சத்தமே இல்லாமல் உருள்வதற்கு நாலு நாள் எடுத்தது.

வளைகட்டைகளில் பின்கால்களுக்குப் பின்னால் நீண்டிருந்த பகுதியை அப்பா வால் என்றார். கதிரை மல்லாக்காமல் இருக்க அதுதான் காவல். எவ்வளவு பின்னால் சாய்ந்தாலும் வால் நிலத்தை விடாது. இருபத்துநாலு சென்ரிமீற்றர் விட்டிருந்தாள்.

அஜக்ஸ் வீட்டின் கீழ் அறை சின்னது. ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் அலுமாரி, அப்பா பிடித்து நடக்கும் சட்டத்தைத் திருப்புவதற்கு நடுவில் இடம் வேண்டும். கதிரை யன்னல் சுவரோடு ஒட்டி நின்றது. சாயும்போதெல்லாம் வால் சுவரில் இடித்தது. புது வீடு. பூச்சில் இரண்டு பள்ளம் விழுந்தது.

"பிள்ளை, உந்த வால் கொஞ்சம் நீளம்," என்று மார்கழியில் ஒருநாள் அப்பா இரகசியமாகச் சொன்னார். "சாம்பவி பாவம், வாய் திறக்கிறேல்லை. ஆனா வந்து வந்து பாக்கிறாள். அவள் பாக்கேக்கை நான் ஆடுறதை நிப்பாட்டிப்போடுறன்."

அவள் கணக்குப் போட்டாள். ஐந்து சென்ரிமீற்றர் வெட்டலாம். அதற்கு மேல் கூடாது. இரண்டு வாலிலும் பென்சிலால் கோடு போட்டாள். கராஜில் கதிரையைக் கவிழ்த்து வைத்து, கோட்டோடு அறுத்து, உள்ளே கொண்டுவந்து வைத்தாள். அப்பா உட்கார்ந்து சாய்ந்தார்.

டொக்.

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். அப்பா அவளைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். அவர் கேட்காமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, இனி ஆடுவதில்லை என்று முடிவெடுத்த ஒருவரைப்போல உட்கார்ந்திருந்தார்.

அவள் திரும்பக் கொண்டுபோய் இன்னும் நாலு சென்ரிமீற்றர் அறுத்தாள். அறுத்த இடத்தை அரத்தால் உருட்டி, எண்ணெய் பூசி, வெட்டியதே தெரியாமல் செய்தாள். அவர் மூச்சு விடுகிற மாதிரித்தான் ஆடுகிறார், உந்திச் சாயக் காலில் பலம் இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது உண்மையாகவும் இருந்தது. அதோடு, இது தற்காலிகம். வளைவை மாற்றி, வால் குட்டையாக இருந்தாலும் நுனியில் தடுப்புள்ள புதிய இரண்டு கட்டைகளைச் செய்து மாற்றிவிடுவதாக இருந்தாள். பட்டிகளை ஒட்டி அச்சில் இறுக்கியும் வைத்தாள். பிறகு வேறு வேலைகள் வந்தன.

"அந்தக் கிளாம்பெல்லாம் எப்ப கழட்டுவியள்? எனக்குத் தேவையாக் கிடக்கு," என்று பட்டறையில் பக்கத்து மேசைக்காரன் சீமோன் இரண்டு தரம் கேட்டான்.

"வாற கிழமை," என்று இரண்டு தரம் சொன்னாள்.

தை மாதத்தில் இருந்து ஒரு பெண் வந்து அப்பாவுக்குக் காலுக்குப் பயிற்சி கொடுத்தாள். வாரத்துக்கு இரண்டு நாள். அப்பா சுகப்பட்டுவந்தார். கணக்கில் வராமல் போனது அதுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவள் போனபோது, "இஞ்சை பார், வலது கால்," என்று சொல்லி, நிலத்தை ஊன்றி உந்திக் காட்டினார். கதிரை ஆழமாகப் பின்னால் போய் வந்தது. அவருடைய தலைக்கும் யன்னல் கட்டைக்கும் இடையில் ஒரு கை அகலம்கூட இருக்கவில்லை.

அவள் அதைக் கண்டாள். கண்டுகொண்டே கைதட்டினாள்.

ஒன்பதரைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. ஈரச் சப்பாத்துகளின் மணமும் சாம்பிராணி மணமும் கலந்து நின்றன. வருகிறவர்கள் பெட்டியைச் சுற்றி வந்து, அம்மாவின் கையைப் பிடித்து, மிதுனனுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். நிலாணி கதிரைக்குப் பின்னால் நின்றாள். "பாவம், தேப்பன்ர கதிரையை விட்டு நகருறாள் இல்லை," என்று யாரோ சொல்வது கேட்டது.

ஒஷாவாவில் இருந்து வந்திருந்த மாமி, அப்பாவின் தங்கை, முன்வரிசையில் இருந்தபடி பக்கத்தில் இருந்தவருக்குக் கதை சொன்னாள். இரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் மாமியின் இரகசியம் மூன்று வரிசைக்குக் கேட்கும்.

"பன்னெண்டு நிமிசமாம். கோப்பி வாங்கப் போனவராம்."

"ஏன், வீட்டில கோப்பித்தூள் இல்லையோ?"

"வீட்டில நிண்டு வேலை எண்டு சொல்லுறாங்கள். வீட்டிலையும் நிக்கிறேல்லை, வேலையும் இல்லை."

"சும்மா இரணை. அவனுக்குக் கேக்கப்போகுது."

"கேக்கட்டும்."

மிதுனனுக்குக் கேட்டது. அவன் ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினான். அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நீட்டியபடியே நின்றான். சாம்பவி எழுந்து வந்து அவன் கையில் இருந்து கோப்பையை வாங்கி, தான் கொடுத்தாள். அம்மா வாங்கிக் குடித்தாள்.

பத்து மணியளவில் மக்டலீன் அன்ரி வந்தார். இவர்கள் எக்ளிங்டன் வீதியில் அடுக்குமாடியில் இருந்த காலத்தில் பதினெட்டு வருடம் எதிர்க்கதவுக்காரர். கனத்த சரீரம், கனத்த குரல், கையில் இரண்டு பை. பெட்டியருகில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு நிலாணியிடம் வந்தார்.

"இதுதானோ பிள்ளை அந்தக் கதிரை? போன் எடுக்கிற நேரமெல்லாம் உந்தக் கதிரைப் புராணம்தானே. மனுசனுக்கு வேற கதை கிடையாது. என்னையும் வந்து ஒருக்கா இருந்து பாருங்கோ எண்டு சொன்னவர். நான்தான் நாளைக்கு நாளைக்கு எண்டு..."

பைகளைக் கீழே வைத்தார். சால்வையைத் தூக்கி மடித்துத் தோளில் போட்டார்.

"அன்ரி—"

"ஒரு நிமிசம் பிள்ளை. அவர் கேட்டதுக்கு."

உட்கார்ந்துவிட்டார். "அம்மாடி," என்று முழுப் பாரத்தையும் பின்னுக்குச் சாய்த்து, காலால் உந்தினார்.

நிலாணி யோசிக்கவில்லை. வலது காலை இடப்பக்க வாலுக்குக் கீழே கொடுத்தாள். கட்டை அவளுடைய பாதத்தின் மேல் வந்து இறங்கியது. உள்ளே ஏதோ ஒன்று நசிந்தது. பற்களை இறுக்கிக்கொண்டாள். கதிரை நின்றது.

அதே கணத்தில், மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் ஐயருடன் கதைத்துக்கொண்டு நின்ற மிதுனன், இரண்டு கதிரைகளைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்து ஆடுகதிரையின் முதுகுச் சாய்வின் மேல்விளிம்பைப் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்தான்.

மக்டலீன் அன்ரியின் தலைக்கு மேலால் அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன சுகம்," என்றார் அன்ரி, கண்ணை மூடியபடி. "சொர்க்கம் பிள்ளை."

எழும்பும்போது அவருக்கு இருவரும் கை கொடுத்தார்கள். நிலாணி சால்வையை வாங்கித் திரும்ப விரித்தாள். விரித்துவிட்டு நிமிர்ந்தபோது, அம்மா பெட்டியைப் பார்க்கவில்லை என்பதைக் கண்டாள். அம்மா அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழிவறைக்குப் போகும் நடையில் தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. மிதுனன் அங்கே முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றான். அவள் நொண்டிக்கொண்டு வந்தாள்.

"நீ ஏன் ஓடி வந்தனி?"

"எப்ப?"

"அன்ரி சாயேக்கை. கதிரையை ஏன் பிடிச்சனி?"

அவன் கடதாசியை இழுத்து முகத்தைத் துடைத்தான். நேரம் எடுத்துத் துடைத்தான்.

"நீ ஏன் காலைக் குடுத்தனி?" என்றான்.

அவள் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"நான் வரேக்கை கதிரை மல்லாந்து கிடந்தது," என்றான் அவன். "அப்பா அதுக்குள்ளைதான் இருந்தார். இருந்தபடியே. கால் ரெண்டும் மேல. தலை யன்னல் கட்டையில அடிபட்டிருந்தது. கண் முழிச்சிருந்தது. 'பிள்ளை, விழுந்திட்டன்' எண்டவர். அவ்வளவுதான் கதைச்சது."

"எழும்பேக்கை விழுந்தவர் எண்டு சொன்னாய்."

"சொன்னன். அப்பாவை இழுத்து நிலத்தில கிடத்திப்போட்டு கதிரையை நிமித்தி வைச்சன். பேந்துதான் நைன் வன் வன்னுக்கு அடிச்சு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டன்."

"பேந்தோ?"

"பத்து செக்கன் இருக்கும், நிலா. இல்லாட்டிப் பதினைஞ்சு. வட் டு யூ வோண்ட்? அம்மா வாற நேரம். அது நீ செய்த கதிரை." கடதாசியைச் சுருட்டினான். "டொக்டர் சொன்னவர் அதால ஒண்டும் மாறியிருக்காதாம். நான் ரெண்டு தரம் கேட்டனான்."

"அது என்னால, அண்ணா. வாலை வெட்டினது கூடிப்போச்சு. எனக்குத் தெரியும். வெட்டேக்கையே தெரியும். நான் அம்மாவுக்குச் சொல்லப்போறன்."

"வேண்டாம்."

"அம்மா உன்னோடை கதைக்கிறா இல்லை."

"கதைப்பா. நான் விட்டிட்டுப் போனது உண்மைதானே? அதில பொய் ஒண்டும் இல்லையே. நீயும் வந்து என்னத்துக்கு? ஒரு வீட்டில பழி சுமக்க ஒருத்தர் காணும்." கடதாசியைக் குப்பையில் போட்டான். "கால் வீங்குது. ஐஸ் கேட்டு வாங்கி வை."

மண்டபத்தில் ஐயர் மணியடித்தார்.

கிரியை முக்கால் மணி நேரம் நடந்தது. உரலில் சுண்ணப்பொடி இடித்தார்கள். ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். நிலாணி போடும்போது சில அரிசிமணிகள் அப்பாவின் தாடையில் சிந்தின. அவற்றை ஒற்றி எடுத்தாள். தாடை குளிர்ந்து, மரத்தைப்போல இறுகியிருந்தது. விரல்கள் பழக்கத்தில் மேடு பள்ளம் தேடின. கையை எடுத்துக்கொண்டாள்.

பிறகு பெட்டியை மூடி, சக்கரம் வைத்த மேசையில் வைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். தகன அறை சின்னது. நெருங்கியவர்கள் பதினைந்து பேர்தான் உள்ளே நிற்கலாம். சுவரில் உருக்குக் கதவு. கதவுக்குப் பக்கத்தில் பச்சைப் பொத்தான். மகன்தான் அதை அமத்த வேண்டும். ஊரில் கொள்ளி வைப்பதற்குப் பதிலாக இங்கே இருப்பது அந்தப் பொத்தான்தான்.

கதவு மேலே போனது. பெட்டி உள்ளே போனது. கதவு இறங்கியது. மலர்ச்சாலை ஊழியர், வெள்ளைக் கையுறை போட்டவர், மிதுனனுக்குத் தலையசைத்தார்.

மிதுனன் கையைத் தூக்கினான். விரல் பொத்தானுக்கு முன்னால் நின்றது. கையைக் கீழே போட்டான். தோளில் இருந்த வெள்ளைத் துண்டைச் சரிசெய்தான். திரும்பத் தூக்கினான்.

"ஆறுதலாச் செய்யுங்கோ," என்று ஊழியர் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்.

கை திரும்பக் கீழே வந்தது. அவனுடைய முதுகு குலுங்கியது. சத்தம் வரவில்லை. சாம்பவி ஒரு அடி முன்னுக்கு வைத்தாள். பெண்கள் கிட்டப் போகலாமா என்று தெரியாமல் நின்றுவிட்டாள்.

"இப்ப யோசிச்சு என்ன," என்றாள் மாமி தன்னுடைய இரகசியக் குரலில். "செவ்வாய்க்கிழமை யோசிச்சிருக்கோணும்."

அது எல்லோருக்கும் கேட்டது. யாரும் மாமியைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் மிதுனனையே பார்த்தார்கள்.

"அம்மா," என்றாள் நிலாணி.

அவள் அதிகம் கதைக்கிறவள் இல்லை. பதினைந்து பேருக்கு முன்னால் ஒருபோதும் கதைத்ததில்லை.

"அம்மா, அப்பா எழும்பேல்லை. கதிரைதான் மல்லாந்தது. அண்ணா வந்து நிமித்தி வைச்சவர். நான் வாலைக் கூட வெட்டிப்போட்டன்."

உருக்குக் கதவுக்குப் பின்னால் விசிறி ஒன்று சுற்றும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு?" என்று கேட்டாள் அம்மா.

"ஒன்பது சென்ரிமீற்றர்."

"எவ்வளவு வெட்டலாம்?"

"அஞ்சு."

"அது தெரிஞ்சோ வெட்டினனி?"

"ஓம்."

"லீவ் இட், நிலா," என்றான் மிதுனன் திரும்பாமலே. "பிளீஸ்."

அம்மா தலை குனிந்து, தன்னுடைய கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் கொஞ்சமாக விரித்தாள். இன்னும் கொஞ்சம் விரித்தாள். பிறகு கையை மூடிக்கொண்டாள்.

அம்மா நடந்து போனாள். மகனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி," என்றாள். ஐந்து நாளில் அவனுக்குச் சொன்ன முதல் சொல். "அமத்து. அப்பா காத்துக்கொண்டு கிடக்கிறார்."

அவன் அமத்தினான்.

அஜக்ஸுக்குத் திரும்பி வந்தபோது ஒரு மணி. செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிக்காமல் உள்ளே போகக்கூடாது. சாம்பவியின் தங்கை கராஜ் கதவைத் திறந்து, மஞ்சள் கரைத்த தண்ணீரை வாளியில் வைத்திருந்தாள். ஒவ்வொருவராகக் காலில் ஊற்றிக்கொண்டு, உள்வாசல் படிக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். சீமெந்தில் சிந்திய மஞ்சள் தண்ணீர், திறந்த கதவுப் பக்கம் உறையத் தொடங்கியிருந்தது.

வீட்டில் இரண்டு குளியலறை. அம்மா முதலில் குளித்துவிட்டு, ஈரத் தலையுடன் வாசலில் நின்று ஆளாளாகக் கூப்பிட்டாள்.

"மிதுனன், நீ மேல போ. சுடுதண்ணி முடியிறதுக்கு முந்திக் குளி."

மிதுனன் ஒருமுறை தங்கையைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

"சாம்பவி, நீ கீழ."

கொஞ்ச நேரம் கழித்து, "மச்சாள், நீங்கள் வாங்கோ," என்றாள். மாமி போனாள். பிறகு மாமியின் கணவர். பிறகு சாம்பவியின் தகப்பன். உள்ளே சோறு வடிக்கும் மணம் வந்தது. யாரோ பருப்புக்குத் தாளித்தார்கள். கோப்பைகள் எடுக்கும் சத்தம் கேட்டது. "தம்பி, இன்னும் கொஞ்சம் போடட்டோ," என்று அம்மாவின் குரல் கேட்டது.

நிலாணி மட்டும் கராஜில் நின்றாள். சப்பாத்தைக் கழற்றியபோது பாதம் அதற்குள் திரும்பப் போகாத அளவுக்கு வீங்கியிருந்தது. மேற்பக்கம் கருநீலமாகக் கோடு விழுந்திருந்தது. கட்டையின் அகலத்துக்கு அளவெடுத்ததுபோல இருந்தது. மஞ்சள் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். குளிர் எலும்புவரை போனது. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். வெளியே பனி தூறியது. வீதியில் ஒருவர் சவளால் தன்னுடைய கார்ப்பாதையில் இருந்த பனியை வழித்துக்கொண்டிருந்தார். சவள் சீமெந்தில் உராயும் சத்தம் ஒரே சீராக வந்து போனது.

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். சவளின் உராய்வுகளைத்தான். நூற்றுப்பதினொன்றில் உள்வாசல் திறந்தது.

அம்மா நின்றாள். கையில் மடித்த துவாய் ஒன்று இருந்தது. அதன்மேல் மாற்றுடுப்பு. அவள் நிலாணியின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, துவாயைப் படியில் வைத்தாள். ஈரம் படாத இடமாகப் பார்த்து, ஒருமுறை நகர்த்தி வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

கதவைச் சாத்தவில்லை. வீட்டுச் சூடு ஆவியாக எழும்பிக் கராஜுக்குள் வந்துகொண்டிருந்தது.

"ஆர் உந்தக் கதவைத் திறந்து விட்டது? குளிர் அடிக்குது," என்று உள்ளேயிருந்து மாமி கேட்டாள்.

யாரும் வந்து சாத்தவில்லை.